வெள்ளம் வராது என்று மைக்கில் சொன்னார்கள்

தகரத்தைக் காற்று கிழிக்கும்போது அந்தச் சத்தம் பல்லில் கூசும். கேரளத்து ஏலப்பாறைக்கு மேலே, நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், 'லயத்தில்', புயல் வருகிறது என்று சொன்ன அன்று காலையிலிருந்தே அந்தச் சத்தம்தான். கம்பெனியைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் கூரைக்கு ஓர் ஆணி அடித்துத் தரக்கூடத் திரும்பி வரவில்லை. அப்பா பழைய ஜீப் டயர்களையும் மண் நிரப்பிய கொழுந்துச் சாக்குகளையும் கூரைமேல் ஏற்றி, கம்பியை இழுத்து வாசல் படிக்கல்லில் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா ரேஷன் கார்டை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். பன்னிரண்டு வயதான நான் கீழே நின்று கம்பி எடுத்துக் கொடுத்தேன்.

அம்மாவின் தம்பி பாண்டி மாமா போடியிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த என்னை அவர் "ஏ மலையாளத்தா" என்றுதான் கூப்பிடுவார். அன்று கம்பியைத் தவறாக நீட்டிவிட்டேன் என்று லயமே பார்க்க என் மண்டையில் குட்டினார். வலித்தது. அதைவிட, சுற்றி நின்றவர்கள் சிரித்தது வலித்தது.

"மாப்ள, ஓடைக்கரையில செவலை நிக்குது. நெற மாசம். அத அவுத்து மேல ஷெட்டுக்கு ஏத்திட்டு வா" என்றார் அப்பா கூரையிலிருந்து. வேலை போன பிறகு எங்கள் வீட்டில் உலை கொதித்தது அந்த மாட்டின் பாலில்தான். மாமா இறங்கிப் போனார். கழுநீர் வாளியோடு நானும் பின்னால் போனதை யாரும் கவனிக்கவில்லை.

செவலை வழுக்குப் படியில் கால் வைக்க மறுத்தது. மாமா வாலை முறுக்கினார், விலாவில் உதைத்தார். அப்போது மேல் ரோட்டில் மைக் கட்டிய ஜீப் ஒன்று கத்திக்கொண்டே போனது: "நாளெ வரெ வெள்ளம் வரில்லா, எல்லாவரும் பிடிச்சு வெக்கணம்."

மாமா கயிற்றை விட்டார்.

"கேட்டியா? வெள்ளம் வராதாம். சர்க்காரே சொல்லிட்டான். இந்தச் சனியன இழுத்து நான் ஏன் இடுப்ப ஒடிக்கணும்?"

"பிடிச்சு வைக்கணுமாமே, மாமா?"

"தகரத்தச் சொல்றான். அதான் ஒங்கப்பன் காலையிலருந்து பிடிச்சுக்கிட்டுத்தான இருக்கான்."

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். புயலுக்காகக் கரண்டை நிறுத்தப்போகிறார்கள்; அதனால் நாளை வரை குழாயில் தண்ணீர் வராது, பிடித்து வையுங்கள் என்றுதான் மைக்கில் சொன்னார்கள். லயத்தில் நடை பழகும் குழந்தைக்கும் இது தெரியும். நான் சொல்லவில்லை. அப்பாவிடம் நாலு அடி வாங்கட்டும் என்று நினைத்தேன்.

மாமா மாட்டை ஓடைக்கரையிலேயே கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, "ஏத்தியாச்சு மச்சான்" என்றார். நான் குழாயடியில் குடம் குடமாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மதியம் காற்று இறங்கியது. டயர்கள் தட்டுகளைப் போலப் பறந்தன. அடுத்த வீட்டுத் தகரம் ஒன்று சுழன்று வந்து எங்கள் கதவைப் பிளந்தது. பிறகு கல்லும் மரமுமாக ஓடை வந்தது. கீழே செவலை ஒரே ஒரு முறை கத்தியது. அப்பா ஷெட் பக்கம் பார்த்தார், ஓடைப் பக்கம் பார்த்தார்.

"எங்கடா மாடு?"

"வெள்ளம் வராதுன்னு மைக்குல சொன்னாங்க, மச்சான்."

அந்த மழையிலும் யாரோ சிரித்தார்கள். அப்பா மீதியிருந்த கம்பியை மடித்து எடுத்தார். மாமாவின் முதுகுத் தோல் உரியும்வரை அடித்தார். குறுக்கே விழுந்த அம்மாவுக்கும் ஒன்று விழுந்தது. மாமா கையைக்கூடத் தூக்கவில்லை. ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் கூட இருந்ததை அவர் சொல்லவேயில்லை.

மறுநாள், சட்டை முதுகில் ஒட்டியிருக்க, போடிக்கு நடந்தே கிளம்பினார். அதன்பின் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

இன்று அந்த லயம் இல்லை. அந்த இடத்தில் ஒரு ரிசார்ட்டின் கார்கள் நிற்கின்றன. ஓடையைக் குழாய்க்குள் அடக்கி மேலே சிமெண்டு பூசிவிட்டார்கள். அப்பாவும் இல்லை. புயல் எச்சரிக்கை போனில் வருகிறது. அது வரும்போதெல்லாம் அம்மா, "எந்தம்பிக்கு மலையாளம் தெரியல, அதான் மாடு போச்சு" என்கிறாள்.

நான் எழுந்து போய்க் குடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கிறேன்.