எனக்கு விட்டு வச்ச எடம்

எனக்கு எழுபத்திரெண்டு வயசு. பெத்தது அஞ்சு, வளர்த்து ஆளாக்கினது நாலு. மூணாங் கிளாசோட பள்ளிக்கூடத்தை விட்டவ. ஆனா பாட்டு விசயத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாது. உடையார்பாளையத்தைச் சுத்தி எந்த ஊர்ல சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு என்னைத்தான் கூப்பிடுவாங்க. போன வூட்டுல பாடினதை இந்த வூட்டுல பாட மாட்டேன். செத்தவங்க முகத்தைப் பாத்தா சொல்லு தானா வரும்.

கடைசிப் பையன் மெட்ராசுல கம்பெனி வேலை. லீவு நாள்ல சாக்ஸபோன் வாசிக்கிறான். கல்யாணத்துல வாசிக்கிறது மாதிரி இல்லை, அது வேற. ஜாஸ்ங்கறான்.

மூத்த மவளைக் குரும்பலூர்ல கட்டிக் குடுத்திருக்கேன். அவ பொண்ணு அரியலூர் காலேஜ்ல படிக்கறதுக்காக என்கூட இருக்கா. வெள்ளிக்கிழமையானா உலகம் பூரா புதுப் பாட்டு வெளியாவுமாம். எதெது கேக்கணும்னு மாமன்காரன் அவளுக்கு அனுப்புவான். காலேஜ் விட்டு வந்ததும் சின்ன ஸ்பீக்கரை சன்னல்ல வச்சுப் போடுவா.

மொத நாள் கேட்டுட்டு, "என்னடி இது, மேளக்காரன் கெழக்கே போறான், ஊதறவன் மேக்கே போறான். ரெண்டு பேருக்கும் சண்டையா?"ன்னேன்.

"பொறு அம்மாயி, கடைசில ஒண்ணா வந்துருவாங்க."

வந்துட்டாங்க. அந்த எடத்துல எனக்குக் கை மயிரெல்லாம் நட்டுக்கிச்சு. அதுலேருந்து வெள்ளிக்கிழமை வெளக்கு வச்சதும் நானே போயி சன்னல் பக்கத்துல உக்காந்துருவேன். ஒரு வாரம் வந்தது எண்ணெய் காணாத கெணத்து ராட்டினம் மாதிரி அரைமணி நேரம் கத்துச்சு. "அந்த ஊர்ல எண்ணெய் விட ஆள் இல்லையாடி?"ன்னு கேட்டேன். ஆனா முழுசாக் கேட்டேன். எழுதி வச்சு வாசிக்கிறவன் யாரு, அப்பப்ப வர்றதை வாசிக்கிறவன் யாருன்னு எனக்குத் தெரியும். "இவன் வெறும் வெரலோட்டம், உள்ள ஒண்ணுமில்லை"ன்னு நான் சொன்னா, பேத்தி அதை மாமனுக்கு அனுப்பிடுவா.

பங்குனி மாசம் அவன் சொந்தமா வாசிச்சது ஒண்ணு அனுப்பினான். நாலு நிமிசம் ஊதினான். அப்பறம் நிறுத்திட்டான். ஈர்க்குச்சியால மேளத்தைத் தடவற மாதிரி ஒரு சத்தம் மட்டும் போயிக்கிட்டே இருக்கு. யாரும் வரலை.

"இங்க நீ ஒப்பாரி பாடணும்மா. உனக்குத்தான் எடம் விட்டு வச்சிருக்கேன்"ன்னு போன்ல சொன்னான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "சாவில்லாம பாடினா வூட்டுக்கு ஆகாதுடா. நீ தெனமும் லாரிக்கு நடுவுல வண்டியில போயிட்டு வர்றவன். எனக்கென்ன பைத்தியமா?"

"சரிம்மா. அந்த எடம் காலியாவே போவட்டும். வேற யாரையும் வைக்க மாட்டேன்." போனை வச்சிட்டான்.

அடுத்த ரெண்டு வெள்ளிக்கிழமையும் எது போட்டாலும் என் காதுல ஏறலை. அந்தக் காலி எடம்தான் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

நான் யார்கிட்டயும் சொல்லாதது ஒண்ணு உண்டு. மூணு வருசத்துக்கு முந்தி என் வூட்டுக்காரர் போனப்ப, ஊருக்கெல்லாம் பாடினவளுக்கு வாய் தொறக்கலை. தலைமாட்டுல கல்லாட்டம் உக்காந்திருந்தேன். மத்தவங்கதான் பாடினாங்க. எதுத்தாப்புல நின்னு கடைசிப் பையன் என்னையே பாத்துக்கிட்டிருந்தான். அதை மனசுல வச்சுத்தான் எடம் விட்டிருக்கான்னு அப்பறம்தான் எனக்குப் பட்டுச்சு. சாவில்லாம பாடறது தப்புன்னா, சாவுக்குப் பாடாம விட்டதும் தப்புதானே?

வூட்டுக்குள்ள வேணாம்னு, அவரு வச்ச முந்திரிக்காட்டுக்குப் பேத்தியைக் கூட்டிக்கிட்டுப் போனேன். பாட்டைப் பதியறதுக்கு அவ போனைப் புடிச்சா. நான் பாடினேன். பக்கத்துக் கொல்லையில முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கிட்டிருந்த பொம்பளைங்க கூடையைப் போட்டுட்டு ஓடியாந்தாங்க. மொதல்ல வந்தது பங்காளி வூட்டு நாத்தனா.

"எந்த வூட்டுல அண்ணி? யாரு போனது?"

"உங்கண்ணன்தாம்மா."

"அண்ணன் போயி மூணு வருசமாச்சே!"

"எனக்கு இப்பத்தான் வந்துச்சு."

அவ பக்கத்துல குந்தி தோள்ல கையைப் போட்டுக்கிட்டு, நான் விட்ட எடத்துலேருந்து எடுத்துப் பாடினா. மத்தவங்களும் சேந்துக்கிட்டாங்க. முடிஞ்சதும் எல்லாரும் மோட்டார் தண்ணியில தலை முழுவிட்டுத்தான் வூட்டுக்குப் போனோம்.

"நடுவுல உங்கத்தை பேசிட்டாடா, இன்னொரு தரம் பாட எனக்கு வராது"ன்னு பையன்கிட்ட சொன்னேன். போன்ல அவன் மூக்கை உறிஞ்சறது மட்டும் கேட்டுச்சு.

"அத்தை கேட்ட கேள்வியும் அப்படியே இருக்கட்டும்மா."

"வண்டியில பாத்துப் போடா"ன்னேன்.

வர்ற வெள்ளிக்கிழமை அது வெளியாவுது. பாட்டோட சேத்துப் போட, பாடினது யாருன்னு நீயே எழுதிக் குடும்மான்னான். பேத்தியோட நோட்டுல நாலு நாளா இதை எழுதறேன். என் எழுத்தைப் பாத்துச் சிரிக்கிறா.

சிரிச்சது போதும்டி. வந்து இப்படி உக்காரு. மொதல்லேருந்து படி, கேக்கறேன். உங்க தாத்தா வர்ற எடத்துல மட்டும் கொஞ்சம் மெதுவாப் படி.