என் கண்ணும் மிளகாய்ப் புகையும்

என் கண் பொல்லாதது என்று தம்பியின் மனைவி நம்புகிறாள். என்னிடம் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் நான் கேட்டைத் திறந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், கன்னத்தில் ஒரு மைப் பொட்டோடு வெளியே கொண்டு வருகிறவளின் மனதில் வேறு என்ன இருக்கும்?

நான் வீட்டிலிருந்து அபாயா தைக்கிறவள். ஆளைப் பார்த்தே தோளும் நீளமும் சொல்லிவிடுவேன். அதனால் யாரைக் கண்டாலும் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்ப்பது பழகிப் போய்விட்டது. போதாக்குறைக்கு எனக்குப் பிள்ளையும் இல்லை. பிள்ளை இல்லாதவள் அடுத்தவள் பிள்ளையை ஊன்றிப் பார்த்தால் ஊர் சும்மா இருக்குமா?

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். தம்பியும் அப்படிப் போனவன்தான். அதனால் அவன் மகளைப் பார்க்க நான் போகிற வீடு அவன் வீடில்லை, அவன் மனைவியான மச்சியின் வீடு. அவள் முகம் கொடுத்தால்தான் நான் அங்கே இருக்கலாம். அந்தப் பிள்ளை 'மாமி' என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும்போது எனக்கு வருகிற சந்தோசத்தை எழுதத் தெரியவில்லை. என் கிழமை முழுவதும் அந்த வெள்ளிக்கிழமைப் பின்னேரத்துக்காகத்தான்.

வினை ஒரு சட்டையில் தொடங்கியது. நான் தைத்துக் கொண்டுபோன சட்டை பிள்ளைக்கு இறுக்கமாக இருந்தது. "நல்லா உடம்பு வெச்சிரிக்கா, மாஷா அல்லாஹ்" என்றேன். மாஷா அல்லாஹ் சொன்னேன் என்பதற்கு அல்லாஹ்வே சாட்சி. அன்றைக்கு மஃரிப் தொழுகைக்குப் பிறகு பிள்ளைக்கு மூச்சு இழுப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள்.

அது இறக்காமம் பக்கம் வெள்ளாமை வெட்டுகிற காலம். நெல் மில்லுகளில் உமித்தூசு பறந்து ஊரில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லாரையும் நானா பார்த்தேன்? ஆனால் கணக்கு என் பேரில்தான் எழுதப்பட்டது. நான் போன நாளில் இழுப்பு வந்தால், அது நான். போகாத நாளில் வந்தால், "காலையில ரோட்டால போனது மதினிதானே?" என்று மச்சி என்னைச் சொல்வாள். நான் போயும் பிள்ளை சுகமாக விளையாடிய வெள்ளிக்கிழமைகளும் இருந்தன. அவற்றை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்? இத்தனைக்கும் மச்சி பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. அவள் இஞ்சி போட்ட பிளேன்டீ தந்தால் என்னைக் கெதியாக அனுப்பப் பார்க்கிறாள் என்றும், பால் தேத்தண்ணி தந்தால் தம்பி உள்ளே நிற்கிறான் என்றும் நம்பியிருந்தேன். அந்த வீட்டில் பால்மா முடிந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு நாள் தம்பி என் வீட்டுக்கு வந்தான். தையல் மெசினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நூல்கட்டையை உருட்டினான்.

"ராத்தா, கோவிக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு அங்கால வராம இரிங்க."

"ஆர் செல்லி அனுப்பின? ஒண்ட பொஞ்சாதியா?"

"ஆரும் செல்லல்ல. புள்ள படுற பாட்டப் பார்க்க ஏலாம இரிக்கி."

ஓம் என்றேன். அவன் போன பிறகு மெசின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

நான் போகவில்லை. பிள்ளைக்கு இழுப்பும் வரவில்லை. "அல்ஹம்துலில்லாஹ், இப்ப நல்ல சுகம்" என்று தம்பி போனில் சொல்லும்போது சந்தோசப்படுவதா சாவதா என்று தெரியவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று என் கண்ணையே சந்தேகத்தோடு பார்த்தேன். உண்மையாக இருக்குமோ? நான் போகாமல் விட்டதும் நோயும் நின்றுபோனதென்றால் வேறென்ன அத்தாட்சி வேண்டும்? கண்ணுக்குச் சுறுமா இடுவதையும் விட்டுவிட்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. பெருநாளைக்கும் கூப்பிடாமல் விட்டால் ஊர் கேட்கும் என்று வரச் சொன்னார்கள். போனேன். பிள்ளையை நேரே பார்க்காமல் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே வட்டிலப்பம் தின்றேன். பிள்ளை என் மடியில் ஏறி, தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். தாங்க முடியாமல் எழும்பி வந்துவிட்டேன். சந்திக்கு வந்த பிறகுதான் குடையை விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

திரும்பிப் போனேன். முன்கதவைத் தள்ளினால் உள்ளே ஒரே புகை. ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. மச்சி பிள்ளையைக் கதிரையில் இருத்தி, தலையைச் சுற்றிய செத்தல் மிளகாயையும் உப்பையும் சட்டியிலிருந்த சிரட்டைத் தணலில் போட்டு, அந்தச் சட்டியை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள். நெடி வராவிட்டால் கண்ணூறு பட்டிருக்கிறதாம். வந்தால் கண்ணூறு கழன்று போகிறதாம். எப்படிப் பார்த்தாலும் ஆள் நான்தான். பிள்ளைக்கு இருமலில் நெஞ்சு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

பிள்ளையைப் பறித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன்.

"நான் வந்து போற ஒவ்வொரு நாளும் இதையா செய்ற?"

"ஓம் மதினி." அவள் மறைக்கவில்லை. "செய்யாட்டி இன்னும் கூடிருமே."

"நான் வராத நாளையில?"

"நீங்க வராட்டி நாங்க ஏன் சுத்தப் போறம்?"

"அப்ப இழுப்பு வாறது இந்தப் பொகையால. என்னால இல்ல!"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அதத்தான் மதினி நானும் செல்றன். நீங்க வந்தாத்தானே பொகை போட வேண்டி வருது."

பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு, குடையையும் எடுக்காமல் வந்துவிட்டேன்.

பிறகு புகை போட்டதற்கு டொக்டர் ஏசியதாகவும், தணல் சட்டியைத் தானே எறிந்துவிட்டதாகவும் தம்பி சொன்னான். "வாங்க ராத்தா, இனி ஒரு பிரச்சினையும் இல்ல." அடுத்த வெள்ளிக்கிழமையே புதுச் சட்டையொன்று தைத்துக்கொண்டு போனேன். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை என்னைக் கண்டாள். நான் கையை நீட்டினேன். அவள் மாமி என்று கூப்பிடவில்லை. போட்டிருந்த சட்டையைத் தூக்கி மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

"உம்மா, மாமி வந்திட்டா! பொகை வேணாம்மா!"

மாமி வந்தால் புகை வரும். அந்த வீட்டில் சரியாகக் கணக்குப் போட்டது அவள் மட்டும்தான். நான் புதுச் சட்டை வைத்த பையோடு கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன்.