ஆறு சிலாப்பும் ஏழு பெயரும்

எங்கள் ஒழுங்கை வாசலில் பளபளவென்று ஒரு கறுப்புக் கல் நிற்கிறது. மாபிள் பதித்த பீடம், பொன் நிற எழுத்து, மேலே ‘வீதிப் பாதுகாப்பு மேம்பாட்டுத் திட்டம்’, கீழே ஏழு பெயர்கள். அந்தத் திட்டத்தில் வாய்க்காலை மூடப் போட்ட கொங்கிறீற் சிலாப் ஆறு. ஆளுக்கொன்றாகப் பிரித்தாலும் ஒருவருக்கு இல்லை. அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அதற்கு வழி திறந்துவிட்டதே நான்தான் என்பதால் கொஞ்சம் கூடவே வரும்.

ஒழுங்கையின் நாலாவது வீட்டில் ஒரு அக்கா இருக்கிறா. சண்டைக் காலத்தில் இடக்கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் காலோடு தினமும் சந்தியிலுள்ள தையல் கடைக்கு நடந்து போவா. வெயில் காலத்தில் ஒன்றுமில்லை. மாரி பிடித்தால் ஒழுங்கையும் ஓரத்து வெள்ளவாய்க்காலும் ஒரே மட்டத்தில் செந்தண்ணியாகிவிடும். எது தார், எது பள்ளம் என்று தெரியாது. முந்தின வருச மாரியில் ஓட்டோ ஒன்றுக்கு ஒதுங்கி வாய்க்காலுக்குள் விழுந்தா. காலின் பட்டி அறுந்து ஒரு மாதம் வீட்டிலேயே கிடந்தா. இன்னொருக்கால் இப்படி வராமல் நின்றால் வேறு ஆள் பிடிப்பேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அந்தச் சம்பளத்தை விட்டால் அவவுக்கு வேறு ஒன்றுமில்லை.

நான் அப்போதுதான் பட்டம் முடித்து, நாளுக்கொரு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். கை சும்மா இருக்காது. அடுத்த ஆண்டு வரவுசெலவுப் பாதீட்டுக்குப் பிரதேச சபை மக்களிடம் யோசனை கேட்ட அறிவித்தலைக் கண்டதும் அளவு ரேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஒழுங்கை வாசலிலிருந்து அக்காவின் படலை வரை பதினேழு சிலாப். சபையின் சொந்த வேலைத்தளத்திலேயே வார்த்தால் கொந்தராத்து வேண்டாம், செலவு பாதி. படங்களோடு நாலு பக்கம் அடித்தேன்.

“உதுக்கு நாலு பக்கமோ பிள்ளை? பதினேழு சிலாப் போடுங்கோ எண்டு ஒரு வரி காணாதே?” என்றா அக்கா.

“முறையா எழுதினால்தான் அக்கா எடுப்பினம்.”

“எழுது, எழுது. நானும் சபைக்குச் சோலை வரியை ஒற்றைக் காலுக்குக் கழிச்சே கட்டுறன்?”

எங்கள் வட்டாரத்து உறுப்பினர் ஒரு கிழமையிலேயே வாசித்துவிட்டுக் கதைத்தார். “பிள்ளை, உம்மடை திட்டம் அந்தமாதிரி, வலு திறம்.” நான் பறந்தேன். ஆண்டு பிறந்து ஒதுக்கீடும் வந்ததும் அக்காவிடம் ஓடிப்போய், மாரிக்கு முதல் முடிந்துவிடும் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன்.

ஆறு சிலாப் போட்டார்கள். பிறகு வேலையாட்கள் வரவில்லை. கல் வந்தது.

கல்லில் உறுப்பினரின் பெயர் மேலே, சபைத் தலைவரான தவிசாளரின் பெயர் கீழே. கல் வெட்டுகிறவருக்கு எழுதிக்கொடுத்தது உறுப்பினர். தவிசாளர் வந்து பார்த்துவிட்டு, “உதை நட்டால் என்னைக் கூப்பிடாதேங்கோ” என்று சொல்லிக் காரிலேறினார். அந்தக் கல் சபை வளவின் பின்பக்கம் போனது. பெயர் ஒழுங்கு மாற்றி இன்னொன்று வெட்டினார்கள். அது இன்னும் பெரிது. அதற்கேற்ற பீடமும் வேண்டியிருந்தது.

நான் உறுப்பினரைப் பிடித்தேன். “அண்ணை, இன்னும் பதினொண்டு கிடக்கே?”

“அது ரெண்டாங் கட்டம், பிள்ளை. ஒதுக்கீடு முடிஞ்சுது.”

“ஆறு சிலாப்பிலையோ முடிஞ்சது?”

“கல்லு, பீடம், பந்தல், சாப்பாடு, எல்லாம் அதுக்குள்ளைதானே.” கடையில் என்ன கறி என்று சொல்கிற மாதிரி, முகத்தில் ஒரு சுருக்கமில்லாமல் சொன்னார்.

நான் அதோடு திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. திறப்பு விழாவுக்குப் போனேன். விருந்தினர்கள் நின்று படமெடுக்க ஆறு சிலாப் அளவாகப் போதுமாயிருந்தது. ‘திட்டம் தந்த பிள்ளை’ என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டு எனக்கொரு பொன்னாடை போர்த்தினார்கள். சிரித்தேன். படத்திலும் அப்படித்தான் விழுந்திருக்கிறேன். பிறகு ரோல்ஸ் சாப்பிட்டேன், இரண்டு. மூடாத வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தன் படலையைப் பிடித்தபடி அக்கா பார்த்துக்கொண்டு நின்றா.

நான் திரும்பிப் போகையில் கேட்டா: “ரோல்ஸ் நல்லமோ?”

“ஓம் அக்கா,” என்றேன்.

அடுத்த கிழமை மழை பிடித்தது. இரண்டு நாள் அக்கா வேலைக்குப் போகவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் கடைக்காரர் போன் எடுத்து, நாளைக்கும் வராவிட்டால் வரவே வேண்டாம் என்றாராம். என்னைத் திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவ அதைச் சும்மா சொன்னா, கதிரையில் இருந்து காலின் பட்டியை இறுக்கிக்கொண்டு.

நான் வீட்டுக்குப் போய் வேலியில் பூவரசங் கதியால் தடி பதினொன்று வெட்டினேன். போடாத சிலாப் ஒவ்வொன்றின் இடத்திலும் ஒன்றை வாய்க்கால் விளிம்பில் நட்டேன். நனைந்த மரத்தின் நிறம் மழைக்குள் எடுபடவில்லை. அலுமாரியிலிருந்த பொன்னாடையை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். கிழிக்கப் பார்த்தேன், கரையிலிருந்த சரிகை விடவில்லை.

“விடு. உனக்குத் துணி கிழிக்கத் தெரியாது.” அக்கா கத்தரிக்கோலை எடுத்தா. “எங்கடை வரியிலைதானே வாங்கினவை. அளவா வெட்டுவம்.” பதினொரு துணிக் கீலம், ஒன்றும் கூடக் குறைவில்லை. ஒவ்வொரு கதியாலிலும் சுற்றிக் கட்டினேன். தண்ணிக்கு மேலே சரிகை மினுங்கியது.

அடுத்த நாள் காலை அக்கா ஒவ்வொரு கதியாலாகப் பிடித்துப் பிடித்து நடந்து வேலைக்குப் போனா.

நாலாம் நாள் உறுப்பினர் போன் எடுத்தார். “பிள்ளை, சபையின்ரை வீதியிலை அனுமதியில்லாமல் கதியால் போட்டிருக்கிறீராம். பிடுங்கும்.”

“சிலாப் போடுற அண்டைக்குப் பிடுங்கிறன், அண்ணை.”

பிறகு குரலைத் தாழ்த்தி, “பொன்னாடையையோ கிழிச்சனீர்? தவிசாளர் கண்டால் மனவருத்தப்படுவார்” என்றார். விழுந்த மனுசியைப் பற்றி ஒரு நாளும் அந்தக் குரலில் அவர் என்னோடு கதைத்ததில்லை. போனை வைத்தேன்.

இப்போது மாரி முடிந்துவிட்டது. முதல் கல் இன்னும் சபை வளவின் பின்பக்கம் கிடக்கிறது. இரண்டாங் கட்டம் வரவில்லை. கதியால்கள் துளிர்விட்டுவிட்டன. வேலைக்குப் போகையில் அக்கா ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னா: “வேர் பிடிச்சிட்டுது. இனி இதைப் பிடுங்கவும் உவங்கள் ஒரு கல்லு நடுவாங்கள்.”