அழிகண்மாய் மீனும் மச்சானின் கால்களும்

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருஷம் நடந்தது இது. கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் ஊர். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எதைக் கேட்டாலும் சட்டென்று பதில் சொல்லிவிடுவேன். யோசித்துப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

மாசி மாதம் அக்காவின் வீட்டுக்காரரும் நானும் இலவங்காய் பறிக்கப் போயிருந்தோம். மச்சான் மரத்தின் மேலே இருந்தார். நான் கீழே விழுகிற காய்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தேன். இலவ மரத்துக் கொப்பு சொல்லாமல் கொள்ளாமல் முறியும். அதில் வெடிப்பு இருந்தால் கீழே நிற்கிறவன் கண்ணுக்குத்தான் தெரியும். அதனால் ஏறுகிறவர் ஒவ்வொரு கொப்புக்கும் கேட்பார், நிற்கிறவன் அண்ணாந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

"மாப்ளே, இந்தக் கொப்பு தாங்குமா?" என்று மச்சான் கேட்டார்.

நான் தலையை நிமிர்த்தவே இல்லை. "தாங்கும், போங்க மச்சான்" என்றேன்.

அடுத்தாற்போல் கேட்டது கொப்பு முறிகிற சத்தம். மல்லாந்து விழுந்தவருக்கு இடுப்புக்குக் கீழே எதுவுமே அசையவில்லை. எலும்பு கட்டுகிறவர்கள், எண்ணெய் காய்ச்சுகிறவர்கள் என்று இரண்டு மாதம் அலைந்ததில் அக்காவின் நகையெல்லாம் போய்விட்டது. எப்படி விழுந்தார் என்று கேட்டவர்களிடமெல்லாம் மச்சான், "என் நேரம்" என்று மட்டும் சொன்னார். என்னைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் என்னை நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

சித்திரை பிறந்ததும், மதுரையில் ஒரு டாக்டர் இருக்கிறார், பட்டாளத்தில் முதுகில் அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர் என்று கேள்விப்பட்டு, மச்சானைக் கட்டிலோடு தூக்கி, கரிப் புகையில் ஓடுகிற பஸ்ஸில் கிடத்திக்கொண்டு போனோம். டாக்டர் மச்சானின் உள்ளங்காலை ஊசியால் மெல்லக் குத்தினார். பெருவிரல் ஒரு நெல்மணி அளவுக்கு அசைந்தது. டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. முதுகெலும்புச் சில்லு நரம்பை அழுத்துகிறது, நரம்பு அறுந்துபோகவில்லை, அறுத்து எடுத்துவிட்டால் நடக்க வாய்ப்புண்டு என்றார். தனக்குக் கூலி வேண்டாம், ஆனால் மருந்துக்கும், ஆறு மாதம் தங்கி நடை பழகுவதற்கும், காலுக்கு மாட்டுகிற இரும்புப் பட்டைக்குமாக முந்நூறு ரூபாய் ஆகும் என்றார். இன்னொன்றும் சொன்னார். அந்த மாதக் கடைசியில் அவர் வடக்கே மாற்றலாகிப் போகிறார். வருகிற திங்கட்கிழமைக்குள் வந்து சேர்ந்தால்தான் அறுவை செய்துவிட்டுப் போக முடியும்.

கோடைக் காலத்தில் எங்கள் ஊரில் யாரிடம் ரொக்கம் இருக்கும்? ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஆளாளுக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கண்மாய்க்கு மடை திறந்துவிடுகிற நீர்ப்பாய்ச்சி எழுந்தார்.

"கம்மாயில தண்ணி முழங்காலுக்கு வந்துருச்சு. எப்பிடியும் இந்த வாரம் அழிகம்மாய் விடணும். இந்த வருசம் பிடிக்கிற மீன அந்தப் பிள்ளை புருசன் வைத்தியத்துக்கே குடுத்துருவமா? வீட்டுக்குக் கொழம்புக்கு மட்டும் ஒண்ணு எடுத்துக்கிருவோம்."

அழிகண்மாய் என்றால் எங்கள் பக்கம் அது ஒரு திருவிழா. தண்ணீர் வற்றும்போது ஊரே கண்மாய்க்குள் இறங்கும். யார் பிடித்தாலும் பிடித்தவருக்கே மீன். வருஷத்தில் ஒரு நாள் கிடைக்கிற அந்த மீனை விட்டுக்கொடுக்க ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. நாட்டாமை என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, நீதான் அடிக்கடி பாளையம் போயி வாரவன். நாலு வண்டி மீனு அங்கன விக்குமாலே?"

"அதெல்லாம் ஒரு மணி நேரத்துல வித்துப்போகும்" என்றேன். நாக்கு பழைய நாக்குதானே.

புதன்கிழமை விடியும்போதே கரை முழுக்கக் கூட்டம். வலை வைத்திருந்தவர்கள் வலையோடும், மற்றவர்கள் அடியில்லாத கூடை மாதிரி இருக்கும் ஊத்தாவோடும் நின்றார்கள். ஒன்றுமில்லாதவர்கள் சேலையையும் வேட்டியையும் மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நாட்டாமை வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேலே வீசியதுதான் தாமதம், அத்தனை பேரும் ஒரே பாய்ச்சலாகத் தண்ணீருக்குள் இறங்கினோம். கண்மாய் குழம்பிச் சேறாகிவிட்டது. காலுக்கடியில் மீன், முழங்காலில் மீன். சேற்றில் வழுக்கி விழுந்தவர்கள் மேலேயே மீன் துள்ளி விழுந்தது. என் ஊத்தாவுக்குள் ஒரு விரால் அகப்பட்டுக்கொண்டு அடித்த அடியில் நான் இரண்டு முறை குப்புற விழுந்தேன். மூன்றாம் முறை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே எழுந்தேன். என் கை நீளம் இருந்தது. எங்களுக்கு எப்போதும் ஆகாத ஒரு பங்காளியும் கண்மாய்க்குள் இறங்கியிருந்தார். வரப்புத் தகராறில் மச்சானோடு மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அவர் பிடித்த மீனையெல்லாம் கொண்டுவந்து வண்டியில் கொட்டிவிட்டு, குழம்புக்குக்கூட ஒன்று எடுக்காமல் கையை உதறிக்கொண்டு போனார்.

"ஒண்ணு எடுத்துக்கங்க சித்தப்பா" என்று அக்கா கூப்பிட்டாள்.

"அவன் நடந்து வந்து வரப்புல நிக்கட்டும். அப்பறம் சண்டை போட்டுக்கிருவோம்" என்றார்.

வெயில் ஏறுவதற்குள் நான்கு வண்டியும் நிறைந்துவிட்டன. விராலும் கெளுத்தியும் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே உயிரோடு கிடக்கும் என்பதால் அவற்றைப் பானைகளில் விட்டோம். கெண்டையை ஈரச் சாக்கில் பரப்பி மேலே வாழை இலையைப் போட்டு மூடினோம். முதல் வண்டியில் அக்காவும் நானும். மாட்டை நான் விரட்டிய விரட்டில் அக்கா பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ரோட்டுக்கு வந்ததும் எதிரே ஒரு கூட்டம் வந்தது. மஞ்சள் துணி, கையில் வேப்பிலை, இடுப்பில் தீர்த்தக் குடம். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊர் அம்மனுக்குப் பங்குனியிலேயே பொங்கல் முடிந்துவிட்டதால் ஊரில் யாருக்கும் இந்த நினைப்பே வரவில்லை. ஆனால் வீரபாண்டியில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டாயிற்று. இனிமேல் திருவிழா முடிகிற வரைக்கும் சுற்று வட்டாரத்தில் பாதி வீடுகளில் மீன் சட்டி அடுப்பில் ஏறாது. சந்தைக்குப் போய் வருகிற எனக்கு இது தெரியாமல் இல்லை. நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்டா, நீ எப்பத்தான் பாத்துச் சொல்லப் போற?" என்றாள்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடியே, கொப்பைப் பார்க்காமல் தாங்கும் என்று சொன்னது நான்தான் என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

"தெரியும்டா. அவுக அன்னைக்கே சொல்லிட்டாக. சின்னப் பய, அவன்கிட்ட கேட்டுறாதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாக" என்றாள் அக்கா. பிறகு, "மாட்டப் பத்து. கெண்டை கெட்டுப்போகும்" என்றாள்.

நான் பயந்தபடியேதான் நடந்தது. உத்தமபாளையம் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நின்றும் கால் பானைகூடக் குறையவில்லை. எட்டிப் பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். வெயில் கொளுத்தியது. எனக்கு ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. அக்காதான் வண்டியைத் தெருத் தெருவாகத் திருப்பச் சொன்னாள். முஸ்லிம் வீடுகள் இருக்கும் தெருவில் ஒரு அம்மா வாசலுக்கு வந்து, பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"உசுரோட கெடக்கே. எந்த ஊரு மீனும்மா இது?"

அக்கா ஊரைச் சொன்னாள். எதற்காக விற்கிறோம் என்பதையும் சொன்னாள். அந்த அம்மா விலை கேட்கவில்லை. "உள்ள வந்து மொதல்ல தண்ணி குடி" என்று அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவருடைய வீட்டுக்காரர் தோல் வியாபாரம் செய்கிற ராவுத்தர், மதியத் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், வெளியே வந்து நான்கு வண்டியையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"வெயில்ல நிறுத்தாதீக. வண்டிய அங்கன மரத்து நெழலுக்குத் தள்ளுங்க. நான் தொழுதுட்டு வந்துர்றேன்" என்றார்.

அவர் பள்ளிவாசலில் என்ன சொன்னாரோ தெரியாது. தொழுகை முடிந்து வந்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சட்டியும் தூக்குவாளியுமாகத் திரும்பி வந்தார்கள். இந்தப் பக்கம் அந்த அம்மா வீடு வீடாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்கு மீன் எடுத்துக் கொடுக்கக் கை போதவில்லை. ஒருத்தரும் பேரம் பேசவில்லை. சில்லறை மீதி கொடுக்கப் போனால், "இருக்கட்டும், கால் பட்டைக்கு ஆகும்" என்றார்கள். சாயங்காலத்துக்குள் இரண்டு வண்டி காலி.

மீதி இரண்டு வண்டியைப் பார்த்து நான் விழித்துக்கொண்டு நின்றபோது ராவுத்தர், "குமுளிக்கு ஏத்திருவோம். மலையாளத்து ஆளுக மீன் இல்லாமச் சாப்பிட மாட்டாக" என்று சொல்லி, அரிசி ஏற்றிக்கொண்டு மேலே போகிற ஒரு லாரியை ரோட்டில் கை காட்டி நிறுத்தினார். அரிசி மூட்டைக்கு மேலே மீனும், மீனுக்கு மேலே நானும். லோயர் கேம்ப் தாண்டி மலைப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் பானைத் தண்ணீர் என் மேல் கொட்டியது. ஒரு கெளுத்தி என் மடியில் விழுந்து முள்ளால் குத்தியது. வலிக்கவே இல்லை. குமுளியில் லாரி நின்றதும் டிரைவர், "மீனுண்டு, மீனுண்டு" என்று ஒரு குரல்தான் கொடுத்தார். எஸ்டேட் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். அரை மணி நேரத்தில் சாக்குகள்தான் மிஞ்சின. டிரைவர் வாடகை வாங்கவில்லை, ஒரு விரால் மட்டும் எடுத்துக்கொண்டார்.

இரண்டு இடத்துப் பணத்தையும் சேர்த்து எண்ணியபோது முந்நூறு தேறிவிட்டது. திங்கட்கிழமைக்கு ஒரு நாள் முந்தியே மச்சானைச் சேர்த்துவிட்டோம். அறுவை முடிந்த ஐந்தாம் நாள் அவர் தன் வலது பாதத்தைத் தானாகவே திருப்பினார். அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு ஆறு மாதம், இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவில் நின்று பழகுவதும் விழுவதும் மறுபடியும் எழுவதுமாகப் போயிற்று.

ஐப்பசியில் நான் போயிருந்தபோது, முதல் முறையாகச் சட்டத்தை விட்டு ஆளின் தோளைப் பிடித்து நடக்கச் சொன்னார்கள். மச்சான் என்னைத்தான் கூப்பிட்டார். இரும்புப் பட்டை மாட்டிய கால்களோடு நின்று, என் தோளில் கையை வைத்தார்.

"மாப்ளே, தாங்குமா?"

நான் குனிந்து அவருடைய இரண்டு கால் வார்களையும் இழுத்துப் பார்த்தேன். தரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தேன். என் காலை அகட்டி ஊன்றிக்கொண்டேன். நான் பார்த்து முடிக்கிற வரைக்கும் மச்சான் சிரிக்காமல் காத்திருந்தார்.

"பாத்துட்டேன் மச்சான். தாங்கும்" என்றேன்.

நான்கு அடி நடந்தார்.

அதற்குப் பிறகு யார் என்னிடம் என்ன கேட்டாலும் உடனே பதில் வராது. வீட்டில் பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும், நான் முதலில் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.