மூன்று பாத்தி உப்பும் என் கல்லீரலும்

எனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது பழைய சேதி. பல வருடங்களாக உள்ளே குடியிருக்கிறது. வாடகையும் தந்ததில்லை, வம்பும் செய்ததில்லை. இந்தக் கோடையில்தான் பாண்டிச்சேரி டாக்டரம்மா, "கல்லீரல்ல தழும்பு விழுந்திருக்கான்னு ஒரு கணக்குப் போட்டுப் பாத்துடலாம்" என்றார்.

வயிற்றில் ஊசி குத்திச் சதை எடுப்பார்களோ என்று பெல்ட்டை இறுக்கிக்கொண்டேன். அதெல்லாம் வேண்டாமாம், கையில் ரத்தம் எடுத்தால் போதுமாம். வயதையும் ஒரு என்சைமின் அளவையும் பெருக்கி, பிளேட்லெட்டாலும் இன்னொரு என்சைமின் வர்க்கமூலத்தாலும் வகுத்தால் ஓர் எண் வரும். கீழே இருந்தால் நிம்மதி, மேலே போனால் கவலை, நடுவில் நின்றால் இன்னும் பார்க்க வேண்டும்.

எனக்கு நடுவில் நின்றது.

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவனுக்கு எண் என்றால் உப்புத்தண்ணீரின் அடர்த்தியைச் சொல்லும் டிகிரிதான். கண்ணாடி மிதவையைப் போட்டுப் பார்ப்போம். டிகிரி ஏறி ஏறி ஒரு கட்டத்தில் பாத்தியின் அடியில் உப்பு பூக்கும். அன்று ஊர் திரும்பும் வழியெல்லாம் என் விலாவுக்கடியில் உப்பு பூத்தது. பஸ் குலுங்கியபோது உள்ளே கல் உரசும் சத்தம்கூடக் கேட்டது.

பாத்தியில் டிகிரி எகிறினால் உப்பு குறைந்த இளந்தண்ணீர் விடுவோம். எனக்கும் விட்டுக்கொண்டேன், சொம்பு சொம்பாக.

"ஏங்க, மோட்டார் போடட்டுமா, இல்ல நேரா தொட்டியிலயே வாய வெச்சிக்கிறீங்களா?" என்றாள் மனைவி.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடமும் அவளே போட்டுக்கொடுத்தாள். "தண்ணி குடிச்சா இந்த நம்பர் கரையாதுங்க" என்று சிரித்தவர், "போன தடவ ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி கனமா ஏதாவது வேல செஞ்சீங்களா?" என்று கேட்டார்.

"நான் ஓனருங்க" என்றேன்.

"நம்பாதீங்க டாக்டர். உப்பு வார்ற பொம்பளைங்க இவரு தொப்பைய கிண்டல் பண்ணாங்க. ரோஷம் வந்து, பலகைய புடுங்கி மூணு பாத்தி வாரிட்டாரு. மறுநாள் ரத்தம் குடுக்க கைய நீட்ட முடியல."

வயதோடு பெருக்கும் அந்த என்சைம் தசையிலும் உண்டாம். தசை நொந்தால் அதுவும் ரத்தத்தில் கசியுமாம். "அதனாலதான்னு இப்பவே சொல்ல முடியாது. ரெண்டு வாரம் பலகைய தொடாம இருந்துட்டு மறுபடி குடுங்க."

பயம் கொஞ்சம் இறங்கியதும் ஆர்வம் ஏறியது. "பிளேட்லெட்டுக்கும் கல்லீரலுக்கும் என்னங்க சம்பந்தம்?" தழும்பு கூடினால் கல்லீரலுக்குள் ரத்தம் தடங்கலில்லாமல் போகாது, பக்கத்தில் மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார். மடை அடைத்தால் பக்கத்துப் பாத்தியில் தண்ணீர் தேங்குமே, அதுதான். இதை முன்பே சொல்லியிருந்தால் அத்தனை சொம்பு மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது எண் கீழே வந்தது. "பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு கம்மி. ஆனா வைரஸ் போகல. செக்கப்புக்கு வந்துட்டே இருக்கணும்."

"வயச மட்டும் கொஞ்சம் கொறச்சிப் போட்டீங்கன்னா..."

"தலைக்கு டை அடிக்கிறாரு டாக்டர். அத கணக்குல சேத்துக்க மாட்டீங்களா?" என்றாள் மனைவி.

மறுநாள் உப்பளத்தில் ஒரு பெண் பலகையை என் பக்கம் நீட்டினாள். "என்ன ஓனரே, தொப்பை கரையணுமா, வேணாமா?"

"இருந்துட்டுப் போகட்டும்மா" என்றேன். "இனிமே ரத்தம் குடுக்கற மாசத்துல எனக்கு ரோஷமே வராது."