சிரட்டையில் குழைத்த மண்

ஸ்ரீவராகத்திலிருந்து அக்காவை வில்வண்டியில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அந்தக் காய்ச்சல் வார்டில் நோயாளிகளுக்குத் தலை அலசிவிட ஒருத்தி இருந்தாள். உயரமான மலையாளத்துக்காரி, தன் முடியை மட்டும் ஒட்ட வெட்டியிருந்தாள். காலையில் வந்ததும் ஒவ்வொருவர் உள்ளங்காலையும் தொட்டுப் பார்ப்பாள். பிறகு பெரும்பாலோருக்குச் சோப்புப் போட்டுச் சட்டென்று அலசிவிடுவாள். யாராவது ஒருவருக்கு மட்டும், தேங்காய்ச் சிரட்டையில் குழைத்த களிமண்ணைப் பூசி ஊறவிட்டு, சிக்கெல்லாம் இளகின பிறகே சோப்பைத் தொடுவாள்.

அக்காவின் நீண்ட முடி காய்ச்சலில் சடைபிடித்துக் கிடந்தது. பக்கத்துக் கட்டில்காரிக்கு மண் பூசியதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை.

“எங்க அக்காவுக்கும் அந்த மண்ணைப் போடப்படாதா, சேச்சி?”

“வேண்டாம் மோளே, இவளுக்கு சோப்பு போதும். வீட்டுக்குப் போயி நீ பையச் சிக்கெடுத்து விடு.”

மறுநாள் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அதற்கு முன் மண் பூசிக்கொண்ட கிழவியின் கட்டிலும் அப்படித்தான் காலியானது என்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு நான் மண் கேட்கவில்லை. அவள் வரும்போதெல்லாம் கையில் சோப்பு இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

ஒரு வியாழக்கிழமை அக்காவின் உள்ளங்காலைத் தொட்டவள் கையை எடுக்காமல் கொஞ்சம் நின்றாள். வெளியே போய்த் திரும்பியபோது சிரட்டை கொண்டுவந்தாள்.

“தலையைத் தாங்கிப் பிடிச்சுக்கோ மோளே.”

மண் ஊறியதும் அவள் விரலாலேயே சிக்கெடுத்தாள். ஒரு மயிரிழைகூட அறுபடவில்லை. அக்கா கண்களை மூடிக்கொண்டாள்.

“சுகமா இருக்குடி. முன்னாடியே நீ கேட்டிருக்கப்படாதோ?”