மரத்துக்குப் போன சர்பத்

காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரியின் பங்களாவில் தோட்டக்காரர் அவர். கைகள் முழுக்க எலுமிச்சை முள் கீறல்கள். கோடையில் நன்னாரி வேரை ஊறவைத்து, எலுமிச்சை பிழிந்து, தோட்டத்திலேயே சர்பத் கலப்பார். முதல் கரண்டியை, பழம் தந்த எலுமிச்சை மரத்தடியில் ஊற்றுவார்.

"பெத்தவளுக்கு மொதல்ல கொடுக்கணுமுங்க."

பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள். நம்மவர் ஒருவர் அதிகாரியாக வந்தார். முதல் நாள் அவருக்கும், பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே அங்கே குமாஸ்தாவாக இருந்த எனக்கும் சர்பத் வந்தது. பாதி குடித்தபின் அதிகாரி தோட்டக்காரரிடம், "எந்தத் தெருய்யா நீ?" என்றார். அவர் ஊருக்கு வெளியே இருந்த சேரியைச் சொன்னார். அதிகாரி மிச்சத்தை மரத்தடியில் கொட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் கொட்டினேன்.

காலி கிளாஸை வாங்கும்போது தோட்டக்காரர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"ஏழு கோடையா குடிக்கிறீங்க. எங்க தெரு ஒங்களுக்குத் தெரியுமேங்க?"